'அம்மா' என்பது யார் குரல்?

பேசும் பொம்மைக் கலையில் குரல் கொடுப்பவருக்கே நாம் கைதட்டுகிறோம். அதில் பாதி, பொம்மையின் தாடைக்குள் இருக்கும் சுருள்வில்லுக்கு உரியது என்பேன்!

தலையைத் தாங்கும் கோல் கழுத்து வழியே உடலுக்குள் இறங்குகிறது. அதைத் திருப்பினால் தலை திரும்பும். கோலிலுள்ள நெம்புகோலைப் பெருவிரல் அழுத்தினால் கயிறு இழுபட்டுத் தாடை திறக்கும்; விட்டால் சுருள்வில் மூடும். இவ்வளவுதான். ஆனால் 'அம்மா', 'அப்பா' என்று உதடு ஒட்டாமல் சொல்ல இயலுமா? உதட்டை அசைக்கக் கூடாத கலைஞர் நாவினால் வேறோர் ஒலியைத்தான் எழுப்புகிறார். அந்த நொடியில் பொம்மையின் வாய் மூடினால்தான் நம் கண் காதை ஏமாற்றும்.

விடுதி விழாவுக்கு நான் செய்த பொம்மையில் சுருள்வில் தளர்வு. வாயைப் பிளந்தபடியே 'அம்மா' என்றது. அரங்கம் சிரித்தது, என்னைப் பார்த்து! வலியதை மாட்டினேன், பத்து நிமிடத்தில் விரல் மரத்தது. மூன்றாவதை எடைகள் தொங்கவிட்டு, நீட்சியை அளந்தே தேர்ந்தேன். ஹூக் விதி அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஆய்வக ஏட்டில் அதற்கு முழு மதிப்பெண் முன்பே வாங்கியிருந்தேன்.

பொம்மை வேலை விளையாட்டா? அமெரிக்கப் பொம்மைக் கலைஞர் பால் வின்செல் 1963இல் செயற்கை இதயத்துக்குக் காப்புரிமை பெற்றவர். நம் செய்முறைத் தேர்விலும் ஒரு பொருளைச் செய்துகாட்டுவோர்க்குப் பத்து மதிப்பெண் ஒதுக்கலாகாதா?