காணாத கிரகத்தின் கணக்கு

2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் சங்கம், புளூட்டோவைக் கிரகங்களின் வரிசையிலிருந்து நீக்கிக் குறுங்கோள் என்று தீர்மானித்தபோது, அது பெரும் அநீதி என்று உலகெங்கும் பலர் பரிதபித்தார்கள். என் அபிப்பிராயத்திலோ, விசாரிக்கத்தக்க பிழை 1930-லேயே நிகழ்ந்துவிட்டது.

அந்தப் பிழையின் பூர்விகம் ஒரு மகத்தான வெற்றியில் இருக்கிறது. யுரேனஸின் சஞ்சாரத்தில் தென்பட்ட சிறு பிறழ்ச்சியை ஆதாரமாகக் கொண்டு, காணப்படாத ஒரு கிரகம் இன்ன இடத்தில் இருக்கவேண்டும் என்று பிரெஞ்சுக் கணித நிபுணர் லெவெரியே எழுதியனுப்ப, 1846 செப்டம்பர் 23-ஆம் தேதி இரவு பெர்லினில் வானியலர் கால்லே தூரதர்சினியைத் திருப்பியபோது, சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள்ளாகவே நெப்டியூன் அகப்பட்டது. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் அனுமானம் இவ்வளவு பிரமாதமாகப் பலித்தபின், அதே வித்தை மறுமுறையும் பலிக்கும் என்ற ஆசை எழாதிருக்குமா? அரிசோனாவில் சொந்தச் செலவில் வானாய்வுக்கூடம் நிறுவிய செல்வந்தர் பெர்சிவல் லோவல், எஞ்சியிருந்த பிறழ்ச்சிகளைக் கொண்டு, பூமியைப்போல் ஏறக்குறைய 7 மடங்கு நிறையுள்ள இன்னொரு கிரகத்தைக் கணித்துவிட்டு 1916-இல் காலமானார். 1930-இல் அதே கூடத்தில் கிளைடு டாம்பா என்னும் இளைஞர் புளூட்டோவைக் கண்டெடுத்தபோது, இடமும் ஒருவாறு பொருந்தி வரவே, தேடிய கிரகம் கிடைத்துவிட்டதென்று உலகம் கொண்டாடியது.

1978-இல் சாரோன் என்னும் துணைக்கோள் தென்பட்டு, அது சுற்றிவரும் பாதையைக் கொண்டு புளூட்டோவை நிறுத்துப் பார்த்தபோது, அது பூமியில் 400-இல் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அவ்வளவு அற்பமான பிண்டம் யுரேனஸை அசைப்பதாவது! 1989-இல் வாயேஜர்-2 விண்கலம் நெப்டியூனின் நிறையைத் திருத்திக் கொடுத்தபின் கணக்கைப் புதிதாய்ப் போட்டதில் பிறழ்ச்சிகளே மறைந்தன. நெருப்பு இருக்கட்டும், புகையே இல்லை. 1992 முதல் நெப்டியூனுக்கு அப்பால் உறைபனிப் பிண்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டு, 2005-இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ் புளூட்டோவைவிடப் பெரியதாகவும் கருதப்பட்டபின், பிராக் தீர்மானம் வேறெப்படி இருந்திருக்க முடியும்?

இப்பழங்கதையைக் கிளறுவதற்குக் காரணம் உண்டு. 2016-இல் கலிபோர்னியாவின் வானியலர்களான பத்திகினும் பிரவுனும், செட்னா முதலிய தொலைப் பிண்டங்கள் சிலவற்றின் பாதைகள் ஒரே பக்கமாக நீண்டிருப்பதைக் காட்டி, பூமியைப்போல் பன்மடங்கு நிறையுள்ள ஒரு கிரகம் அப்பால் ஒளிந்திருப்பதாக அனுமானித்தார்கள். ஏரிஸைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரே இந்தப் பிரவுன் என்பது ஒரு ரசமான விஷயம். ஆனால், பட்டுத் திரும்பும் சூரிய ஒளி தூரத்தின் நான்காம் படிக்கேற்பக் குறைவதால், தூரம் இரட்டித்தால் பிரகாசம் 16-இல் ஒன்றாகிவிடுகிறது. சூரியனை ஒருமுறை வலம்வர ஏறக்குறைய 11,000 ஆண்டுகள் கொள்ளும் செட்னா, நமக்கு அணித்தே வரும் சொற்ப காலத்தில் வந்ததனால்தான் 2003-இல் சிக்கியது. ஆகவே நாம் காண்பவை, நாம் தேடிய திசையில், தேடிய பருவத்தில், அருகே வந்தவை மாத்திரமே. அந்தப் பாரபட்சத்தைக் கழித்தே கணித்ததாக அவ்விருவரும் வாதிக்கிறார்கள். திட்டமிட்டுத் தேடிய வேறொரு குழுவினரோ, தாங்கள் கண்ட பிண்டங்களில் அத்தகைய ஒருமுகப்பாடு புலப்படவில்லை என்கிறார்கள்.

எனக்கு இரண்டாம் கட்சியிலேயே நம்பிக்கை சற்று அதிகம். சிலி நாட்டு மலையுச்சியிலிருந்து வேரா ரூபின் வானாய்வகம் தென் வானத்தைப் பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் படமெடுக்கும்போது, அந்தக் கிரகமே நேரில் அகப்படாவிட்டாலும், புதிதாய்ச் சிக்கும் பிண்டங்களின் பாதைகள் முன்போலவே ஒரு பக்கம் சாய்கின்றனவா, எத்திசையும் சிதறிக் கிடக்கின்றனவா என்பதைக்கொண்டே இவ்வழக்கில் தீர்ப்புக் கூறிவிடலாம்.