லாக்-இன் திரையில் யார் பெயர்?

2011 செப்டம்பர் 15-ம் தேதி தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. அடுத்து வந்த வருடங்களில் பரமக்குடியிலும் எமனேஸ்வரத்திலும் எத்தனையோ வீடுகளுக்குள் பிளஸ் டூ பிள்ளைகள் வழியாகத்தான் கம்ப்யூட்டர் நுழைந்தது. அப்படி ஒரு நெசவாளர் வீட்டை நினைத்துப் பாருங்கள். முன்னறையில் தறி, சாமி படத்துக்குக் கீழே ஒரு ஸ்டூல், அதன் மேல் லேப்டாப், பஞ்சு படியாமல் இருக்க ஒரு பழைய துண்டு. லேப்டாப் வந்தது மகளின் பேரில். ஆன் செய்தால் திறப்பதோ அண்ணனின் டெஸ்க்டாப்!

இதில் சதி எதுவும் இல்லை. ஆரம்ப வருடங்களில் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. (டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கியது, முதலில் வெளியானது 2007 ஜனவரியில்.) நாளாக ஆக விண்டோஸ் நொண்டியடிக்கும். அண்ணனின் நண்பன் ஒருவன் பென் டிரைவோடு வந்து உபுண்டு போடுவான். 'உங்கள் பெயர் என்ன?' என்று இன்ஸ்டாலர் கேட்கும்போது யார் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் பெயர்தான் விழும். அதற்குக் கீழே இரண்டு தேர்வுகள்: தானாக உள்ளே போ, அல்லது கடவுச்சொல் கேள். "நம்ம வீடுதானே, எதுக்கு பாஸ்வேர்டு?" என்று நண்பன் முதலாவதைத் தட்டிவிட்டுப் போய்விடுவான்.

அந்த ஒரு தட்டில் லாக்-இன் திரையே காணாமல் போகிறது. அதோடு, வீட்டில் உள்ள மற்ற நால்வருக்கும் இந்தக் கம்ப்யூட்டரில் தனி இடம் கேட்கும் வாய்ப்பும் போகிறது.

லாக்-இன் திரையைக் காட்டுகிற மென்பொருளுக்கு டிஸ்ப்ளே மேனேஜர் என்று பெயர். 1988-ல் எக்ஸ்டிஎம் வந்தபோது அது வெறும் பெயர், கடவுச்சொல் கேட்கும் பெட்டி. பிறகு கேடிஇக்கு கேடிஎம், க்னோமுக்கு ஜிடிஎம், 2011 அக்டோபரில் உபுண்டு 11.10-உடன் லைட்டிடிஎம், கேடிஎம் ஓய்ந்த இடத்தில் எஸ்டிடிஎம் என்று வரிசையாக வந்தன. உபுண்டு 17.10-ல் மறுபடியும் ஜிடிஎம்முக்கே திரும்பியது. எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. இதைப் பற்றி எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அந்த அழகோடு நின்றுவிடுகிறார்கள்: பின்னணிப் படத்தை மாற்றுவது எப்படி, கடிகாரத்தை எங்கே வைப்பது... வாசல் கதவுக்கு பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் கதவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

தானியங்கி லாக்-இன்னில் இன்னொரு கூத்து உண்டு. உள்ளே போகும்போது கடவுச்சொல் அடித்தால், அதை வைத்தே க்னோமின் கீரிங்கும் திறந்துகொள்ளும். குரோம் மாதிரி பிரவுசர்கள் சேமிக்கும் கடவுச்சொற்களுக்கு அதுதான் பூட்டு. கடவுச்சொல்லே அடிக்காமல் உள்ளே போனால் கீரிங் திறக்காது. 'கடவுச்சொல் கொடு' என்று ஒரு பெட்டி ஒவ்வொரு முறையும் வந்து நச்சரிக்கும். அந்த எரிச்சலில் கீரிங் கடவுச்சொல்லைக் காலியாக வைத்துவிடுகிறவர்கள் நிறைய பேர். அப்புறம் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. தங்கை அந்த பிரவுசரில் கல்லூரி விண்ணப்பம் போட்டால், அவளுடைய மெயில் வீடு முழுவதற்கும் பொது.

"பாட்டிக்கும் பாஸ்வேர்டு வைக்கச் சொல்கிறாயா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தேவையே இல்லை! டெபியனிலும் உபுண்டுவிலும் இதற்கென்றே 'நோ பாஸ்வேர்டு லாக்-இன்' என்று ஒரு குழு உண்டு. பாட்டியின் கணக்கை அதில் சேர்த்துவிட்டால், திரையில் அவர் பெயரைத் தட்டினாலே உள்ளே போய்விடலாம். மற்றவர்களுக்கு மட்டும் கடவுச்சொல் கேட்கும். ஒருவரின் வசதிக்காக எல்லோருடைய கதவையும் கழற்ற வேண்டியதில்லை.

செய்ய வேண்டிய வேலையும் பெரிதில்லை. செட்டிங்ஸில் பயனர்கள் பகுதிக்குப் போய் தானியங்கி லாக்-இன்னை அணைத்தால் போதும். ஃபைலையே திருத்துகிற பேர்வழிகளுக்கு: எட்ஸி அடைவில் ஜிடிஎம்3 என்ற ஃபோல்டர், அதற்குள் உபுண்டுவில் கஸ்டம்.கான்ஃப், டெபியனில் டீமன்.கான்ஃப். தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். எங்கோ தவறு செய்து திரை கறுப்பாகவே நின்றால் அலற வேண்டாம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும்; அங்கே நகலைத் திரும்பப் போட்டுவிட்டு ரீபூட் செய்யலாம்.

பயனர் பட்டியலை மறைக்கும் வசதியும் இருக்கிறது. பள்ளி லேபிலும் பிரவுசிங் சென்டரிலும் மறைப்பது சரி. வீட்டில் மறைக்கக் கூடாது. அம்மாவின் பெயரும் தங்கையின் பெயரும் வரிசையாகத் தெரிவதுதானே இங்கே விஷயமே!

விருந்தாளிகளும் உண்டு. சித்திரையில் அழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்க வருகிற சொந்தக்காரப் பிள்ளைகள் முதலில் தேடுவது லேப்டாப்பைத்தான். லைட்டிடிஎம் காலத்து உபுண்டுவில் இதற்காகவே கெஸ்ட் கணக்கு இருந்தது. லாக்-அவுட் செய்தால் அவர்கள் செய்ததெல்லாம் அழிந்துவிடும். 2017-ல் அதில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்து, அதைத் தானாக வராதபடி அணைத்துவிட்டார்கள். பிறகு வந்த ஜிடிஎம்மில் அப்படி ஒன்று கிடையாது. நாமே 'விருந்தாளி' என்று ஒரு சாதாரணக் கணக்கு தொடங்கி வைக்கலாம். ஆனால் அது தானாக அழியாது, கவனம்.

மொழி விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு கணக்குக்கும் தனி மொழி வைக்கலாம். அப்பாவுக்குத் தமிழ், மகளுக்கு ஆங்கிலம். தமிழ் இந்தியா, தமிழ் இலங்கை இரண்டுமே பட்டியலில் உண்டு. (வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம் என்றால் ஏமாற்றம்தான். அதன் எழுத்துகளுக்கு 2008-லேயே யூனிகோடு 5.1 இடம் கொடுத்துவிட்டது. இந்தப் பட்டியலில்தான் இடமில்லை.) ஆசையோடு தமிழ்99 விசைப்பலகையையே முதன்மையாக வைத்துவிட்டால், லாக்-இன் திரையிலும் அதுவே வந்து நிற்கும். ஆங்கிலத்தில் வைத்த கடவுச்சொல்லை அடித்தால் உள்ளே விழுவது தமிழ் எழுத்துகள், தெரிவதோ வெறும் புள்ளிகள். 'கடவுச்சொல் தவறு' என்றே திரும்பத் திரும்ப வரும். திரை ஓரத்தில் விசைப்பலகையின் மொழியைக் காட்டும் சின்னத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டால் முடிந்தது. முதன்மையாக ஆங்கிலத்தை வைத்து, தமிழை இரண்டாவதாகச் சேர்ப்பது இன்னும் நல்லது.

லாக்-இன் திரை இரும்புப் பெட்டி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வட்டை என்கிரிப்ட் செய்யாவிட்டால், பென் டிரைவிலிருந்து பூட் செய்கிறவர் எல்லாவற்றையும் படிக்கலாம். உபுண்டு 21.04-க்கு முன்பு ஒருவர் ஹோம் ஃபோல்டரை இன்னொருவர் எட்டிப் பார்க்கவும் முடியும். அதற்குப் பிறகு புதிதாக நிறுவியவற்றில்தான் அது மூடப்பட்டது. பழைய கணக்குகளில் நாமேதான் ஃபோல்டரின் அனுமதியை மாற்ற வேண்டும்.

புதுக் கணக்கு தொடங்கும்போது பயனர் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில் கொடுக்க வேண்டும். முழுப்பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம்; லாக்-இன் திரையில் தெரிவது அதுதான். லேப்டாப் தங்கையுடையது என்பதால் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையை அவள் கணக்குக்குக் கொடுத்துவிட்டு, அண்ணன் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடலாம். அதற்கு ஒவ்வொரு கணக்கிலும் ஒரு சுவிட்சைத் தள்ளினால் போதும். சண்டை வரும்தான் :-)