மூச்சைப் பழகுவோம்; உரிமையை மறவோம்

மத்திய கிழக்கில் உழைக்கும் எம்மவரிடம் சுகம் விசாரித்தால் "பிழையில்லை" என்பார்கள். நித்திரை வருகிறதா என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். ஐக்கிய அரபு அமீரகம் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இணையாத நாடு. அங்கு எம்மவர் வெறும் தொழிலாளர்களாகவே கணிக்கப்படுகின்றனர். வேலை பறிபோய், குறித்த தவணைக்குள் வேறு வேலை கிட்டாவிடின் வெளியேற வேண்டியதுதான். ஊர் திரும்ப அஞ்சுபவருக்கு இது எத்தகைய நெருக்கீடு என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்நிலையில் மெதுவான மூச்சுப் பயிற்சி பற்றி எழுதினால் சிலர் நகைக்கக் கூடும். எனினும் ஆய்வுகள் கூறுவதைச் சற்றுப் பார்ப்போம்.

ஆபத்து நேர்கையில் இதயம் படபடக்கிறது, மூச்சு விரைகிறது. ஆபத்து நீங்கிய பின்னும் உடல் அந்நிலையிலிருந்து மீளாதிருப்பதே எம்மிற் பலரின் துன்பம். இதயத்துக்கு நாம் நேரே கட்டளையிட முடியாது, மூச்சுக்கு முடியும். மூச்சை வெளிவிடும்போது வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கின்றது. நிமிடத்துக்கு 12 முதல் 20 வரையான மூச்சுகளை ஏறத்தாழ ஆறாகக் குறைத்தால் இத்தணிவு வலுப்பெறும். 2001இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்றில் 23 பேர் செபமாலையும் மந்திரமும் ஓதினர். இரண்டுமே மூச்சை அந்த ஆறுக்குக் கொண்டு வந்தன. எமது பாட்டிமார் எந்தச் சமயத்தவராயினும் இதைத்தான் செய்துவந்தனர். யாழ்ப்பாணத்து உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் போரில் நொந்தவர்களுக்கு இத்தகைய மரபுவழித் தளர்வு முறைகளை, அவரவர் சமயத்துக்கேற்பப் பரிந்துரைத்தார்.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் நாகப்பட்டினத்து முகாம்களில் 183 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2010இல் வெளிவந்தது. மூச்சுப் பயிற்சி பெற்றோரின் மனவடுவும் சோர்வும், பயிற்சிக்காகக் காத்திருந்தோரை விட ஆறு வாரங்களில் வெகுவாகக் குறைந்திருந்தன. எனினும் அவர்கள் முகாம் வாரியாகவே பிரிக்கப்பட்டனர். ஆகவே இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. நம்பிக்கை தரும் சான்றாகக் கொள்ளலாம்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்வோம். சம்பளம் கொடாத முதலாளியும், கடவுச்சீட்டைப் பறித்து வைத்திருப்பவரும் "மூச்சை நன்றாக இழுத்துவிடு" என்று சொல்வதற்கு இந்த ஆய்வுகள் சாட்டாகிவிடக் கூடாது. அமீரகத்தில் இன்று ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12.30 தொடக்கம் 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்குதல் தடை. 2005இல் தொடங்கிய அந்த ஓய்வைத் தந்தது சட்டம். மூச்சுப் பயிற்சி மனிதனை ஆற்றும். அவன் கூலியை அது பெற்றுத் தராது. நித்திரை கொண்டு எழுந்தவனே தன் உரிமையைத் தெளிவாகக் கேட்க வல்லவன். ஆகையால் இரண்டும் வேண்டும் என்பதே எமது கருத்து.

எமது சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வார இறுதித் தமிழ் வகுப்புகளின் தொடக்கத்தில், பிள்ளைகளோடு பெற்றோரையும் இருத்திப் பத்து நிமிடம் இதனைப் பழக்குங்கள். நான்கு எண்ணும்வரை உள்ளிழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விட்டால் போதும். காசு வாங்காதீர்கள்; சமயம் புகுத்தாதீர்கள். சித்திரவதைக்குள்ளானோர் சிலருக்குக் கண்ணை மூடியதும் பழைய காட்சிகள் எழும். அவர்கள் கண் திறந்தே பழகட்டும், விரும்பாவிடின் விட்டுவிடட்டும். உயிரை மாய்க்கும் எண்ணம் உள்ளவரை மூச்சுப் பயிற்சியுடன் விட்டுவிடாது உடனே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

வீட்டையும் காணியையும் விட்டு வந்தோம். கூடவே வந்தது மூச்சு ஒன்றுதான். அதையாவது அமைதியாக விடப் பழகுவோம்.