ஆடையற்ற நத்தார் விருந்தும் நம் பட்டுச் சேலைகளும்



திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று, திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றபோது, உணவகமொன்றில் சமையற்பணி செய்யும் தம்பி ஒருவர் தயங்கியவாறே என்னிடம் வந்தார். அவரோடு வேலை செய்யும் பிரெஞ்சுக்காரர் ‘நாத்துரிஸ்த்’ சங்கமொன்றின் உறுப்பினராம். ஆடையின்றிக் கூடிவாழ்வதை ஒரு வாழ்க்கை நெறியாகக் கொண்ட அச்சங்கத்தார், நத்தார் விருந்தையும் அவ்வண்ணமே அமர்ந்து உண்பார்களாம். “உடுப்பில்லாமலும் ஒரு நத்தாரோ, சுவாமி?” என்றார். அருகில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆயினும் அறைக்குத் திரும்பிய பின்னரும் அக்கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

இவர்கள் நேற்று முளைத்த கூட்டத்தார் அல்லர். வெயிலும் காற்றும் உடலில் படுவது நலந்தரும் எனக் கருதிய தூர்வீல் என்னும் மருத்துவச் சகோதரர் இருவர், 1931இல் பிரான்சின் தென்கடலிலுள்ள லெவான் தீவில் எலியோபொலிஸ் என்ற குடியிருப்பை நிறுவினர். 1950இல் அத்திலாந்திக் கரையிலுள்ள மொந்தாலிவேயில் லெகோக் தம்பதியர் ஒரு விடுமுறைக் குடியிருப்பைத் தொடங்கினர். அனைத்துலக நாத்துரிஸ்த் கூட்டமைப்பு 1953இல் அங்கேதான் உருவாயிற்று. பாலியல் முறையில் உடலைப் பிறர் பார்வையில் திணிப்பதை இந்நாட்டுச் சட்டம் தண்டிக்கிறது. இதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் ஆடையின்றி இருப்பதைத் தண்டிப்பதில்லை. காப் தாக்து போன்ற இடங்களில் இப்பெயரின் நிழலில் நடக்கும் கேளிக்கைகளை நான் அறியாதவன் அல்லேன். பழைய நாத்துரிஸ்த்துகளே அவற்றைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். நான் இங்கே பேசுவது அக்கேளிக்கைகளைப் பற்றியன்று.

கோடையில் கடற்கரையில் வாழ்வோரைக் குளிர்காலம் சுவர்களுக்குள் அனுப்பிவிடுகிறது. பாரிஸ் சங்கத்தார் 12ஆம் வட்டாரத்திலுள்ள ரொஜே லெ கால் நகராட்சி நீச்சற்குளத்தில் மாலை வேளைகளில் கூடுவது வழக்கம். விழாக்காலக் கூட்டங்களுக்கு வேண்டியது நன்கு சூடேற்றப்பட்ட ஒரு மண்டபமே. வாசலில் குளிரங்கிகளும் கழுத்துத் துணிகளும் சப்பாத்துகளும் குவியும். அமருமுன் ஒவ்வொருவரும் தம் துவாயை நாற்காலியில் விரித்துக்கொள்வர். அவ்விதியில் மட்டும் விட்டுக்கொடுப்பு இல்லை. குளிர்கிறது என்று ஒருவர் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டால் யாரும் குறை சொல்வதில்லை. விருந்தோ நம் அயல்வீட்டுப் பிரெஞ்சுக்காரரின் மேசையில் காண்பதுதான்: சிப்பி, வாத்தின் ஈரல், வான்கோழி, மரக்கட்டை வடிவிலான நத்தார் கேக். ஜனவரியில் மூவரசர் அப்பம் வெட்டுவதும் எல்லாச் சங்கங்களிலும் போலத்தான். தம் துண்டில் சிறு பொம்மையைக் கண்டெடுத்தவர் தலையில் பொற்காகித முடி ஏறும். மேனியில் வேறொன்றும் இராது. நெடுந்தொலைவிலிருந்து வந்த நமக்கு அது விந்தை. அவர்களுக்கோ பண்டிகை நாளில் தனித்திருக்க நேராமல் ஒன்றுகூடுவதற்கு ஒரு மேசை.

அவர்களது வழக்கங்களுள் என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது ஒன்று. அம்மேசையில் எவரும் கைத்தொலைபேசியை நீட்டிப் படம் எடுப்பதில்லை. இசைவின்றிப் பிறரைப் படம்பிடிப்பது அவர்களிடையே பெருங்குற்றம். 2017 நவம்பரில் அதே 12ஆம் வட்டாரத்தில் ‘ஓ நத்துரேல்’ என்னும் உணவகம் திறக்கப்பட்டது. 2019 பெப்ரவரியில் மூடப்பட்டது. அங்கு உண்ணச் சென்றவர்கள் உடையோடு தொலைபேசியையும் பெட்டகத்தில் பூட்டிவிட்டே மேசைக்குச் சென்றனர்.

ஆடை கழன்றால் உயர்வு தாழ்வும் கழன்றுவிடும் என்பது இவர்களது வாதம். முதலாளி யார், தொழிலாளி யார் எனத் தெரியாதாம். இதை நான் முற்றாக ஏற்கவில்லை. அவ்வுணவகத்திலேயே உண்டவர்கள்தாம் ஆடையின்றி இருந்தனர். சமைத்தவரும் பரிமாறியவரும் உடுத்தியே இருந்தனர். இந்நகரின் சமையலறைகளில் உழைக்கும் நம்மவருக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. மேலும், தொடக்கநூலில் வெட்கமுற்று நின்ற முதற்பெற்றோருக்குக் கடவுளே தோலாடை செய்து உடுத்தினார். லூக்கா காட்டும் பெத்லகேமில் தாய் தம் பிள்ளையைத் துணிகளில் பொதிந்தார். நமக்கு ஆடை என்பது முதலில் இரக்கத்தின் செயல். ஆதித் திருச்சபையில் திருமுழுக்குப் பெறுவோர் ஆடை களைந்து நீரில் இறங்கினர். கரையேறியதும் அடிமைக்கும் ஆண்டைக்கும் ஒரே வெண்ணாடை அணிவிக்கப்பட்டது. உயர்வு தாழ்வுக்குத் திருச்சபை கண்ட மருந்து, எல்லாருக்கும் ஒரே ஆடை என்பதே.

ஆனால், அன்பானவர்களே, அந்த வெண்ணாடையை நாம் என்ன செய்துவிட்டோம்? அவர்களது விடையை மறுத்துவிட்டேன். அவர்களது கேள்வியை என்னால் மறுக்க முடியவில்லை. கடந்த ஆண்டு நள்ளிரவுத் திருப்பலிக்கு வராத ஒரு தாய், மறுநாள் காலைத் திருப்பலியில் கடைசி வாங்கில் பிள்ளைகளோடு அமர்ந்திருந்தார். காரணம் கேட்டபோது முதலில் வேலை என்றார், பிறகு மெல்லிய குரலில், “பிள்ளையளுக்கு போன வருசத்து உடுப்புத்தான் சுவாமி. எல்லாரும் குடிலுக்கு முன்னால நிண்டு படம் எடுப்பினம்” என்றார். நள்ளிரவில் நம் ஆலயத்தில் பளபளக்கும் காஞ்சிபுரமும் கழுத்துகொள்ளாத நகையும், மறுநாள் முகநூலில் நிறையும் படங்களும் ஒரு குடும்பத்தை ஆலயத்திற்கு வெளியே நிறுத்தியிருந்தன. யாரும் அவர்களை வர வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையிருக்கவில்லை. புத்தாடை அணியாதீர்கள் என நான் கூறவில்லை. என் தாயும் நத்தாருக்கு எனக்குப் புதுச்சட்டை தைத்தவர்தான். கடன்பட்டுத் தைத்தார் என்பது பின்னரே எனக்குத் தெரிந்தது.

ஆகவே இவ்வாண்டு நள்ளிரவுத் திருப்பலியின்போதும் அது முடிந்த பின்னரும் ஆலயத்தினுள் எவரும் படம் எடுக்க வேண்டாமெனப் பங்குப் பேரவையில் கேட்டுக்கொண்டேன். குடிலின் முன் படம் எடுக்க விரும்புவோர்க்கு 26ஆம் நாள் முழுவதும் ஆலயம் திறந்திருக்கும். பேரவையில் இருவர் முணுமுணுத்தனர், ஒருவர், “ஊரில் உள்ள அம்மாவுக்கு எதை அனுப்புவது சுவாமி?” என்றார். அது நியாயமான கேள்விதான். 26ஆம் நாள் எடுத்து அனுப்புங்கள் என்றேன். அந்தத் தாய்க்கும் நேற்றுத் தொலைபேசியில் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “பாப்பம் சுவாமி” என்றார்.