பவழத் தொட்டியில் ரெடாக்ஸ் அழுத்தமானி அவசியந்தானா?

கடல் மீன்களையும் பவழ உயிர்களையும் கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்போருக்கென விற்கப்படும் கருவிகளுள் ஆக்ஸிகரண-ஒடுக்க அழுத்தமானியும் ஒன்றாகும். சுருக்கமாக ரெடாக்ஸ் அழுத்தமானி என்பர். கடைகளில் அதன் பெயர் ஓ.ஆர்.பி. மீட்டர். அதன் முனையை நீரில் அமிழ்த்தினால் மில்லிவோல்ட்டுக் கணக்கில் ஓர் எண் தோன்றும். அவ்வெண் 300க்கும் 450க்கும் இடையே நின்றால் நீர் தூய்மையாயுள்ளது என்றும், கீழே இறங்கினால் கேடு நெருங்குகிறது என்றும் கூறப்படுகிறது. ஒரே எண்ணில் தொட்டியின் நலம் முழுவதும் அடங்கிவிடுமாயின் அதனினும் வசதி வேறொன்றில்லை. ஆனால் அவ்வாறு அடங்குவதில்லை. ஓஸோன் வாயுவைச் செலுத்தும் தொட்டிகளுக்கு இக்கருவி இன்றியமையாதது. ஏனைய தொட்டிகளுக்கு அது கடைசியாக வாங்கத்தக்க பொருள்களுள் ஒன்றாகும்.

இக்கருவி அளப்பது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். எலக்ட்ரான்களை ஒரு பொருள் இழப்பது ஆக்ஸிகரணம், ஏற்பது ஒடுக்கம். நீரில் கலந்துள்ள பொருள்கள் எலக்ட்ரான்களை ஏற்கும் நாட்டம் மிகுந்தவையா, கொடுக்கும் நாட்டம் மிகுந்தவையா என்பதை ஒரு பிளாட்டினக் கம்பி உணர்கிறது. உடனுள்ள வெள்ளி-வெள்ளிக் குளோரைடு ஒப்பு மின்வாயோடு ஒப்பிடுகையில் எழும் மின்னழுத்த வேறுபாடே கருவி காட்டும் எண்ணாகும். கொள்கை எளியது. சிக்கல் யாதெனில், பிளாட்டினம் எல்லாப் பொருள்களையும் ஒருங்கே மதிப்பதில்லை. இரும்பின் இருவகை அயனிகளையும் கந்தக ஹைட்ரஜனையும் அது விரைவில் உணரும். கரைந்துள்ள பிராணவாயுவையோ மிக மந்தமாகவே உணரும். நைட்ரேட்டை ஏறக்குறைய உணர்வதே இல்லை.

கணக்கிட்டுப் பார்த்தால் இது விளங்கும். பிராணவாயு நிரம்பிய, பி.எச். 8.1 உடைய கடல்நீரில், பிராணவாயுவுக்கும் நீருக்கும் இடையே முழுச் சமநிலை நிலவுமாயின், ஹைட்ரஜன் மின்வாய் அளவுகோலின்படி சுமார் 750 மில்லிவோல்ட்டு அழுத்தம் தோன்ற வேண்டும். வெள்ளிக் குளோரைடு மின்வாயின் கணக்கில் அது சுமார் 550 ஆகும். நல்ல நிலையிலுள்ள கடல்நீரிலும் அவ்வளவு உயர்ந்த எண்ணைக் கருவி பெரும்பாலும் காட்டுவதில்லை. 300, 350, 400 என்றே நிற்கும். இதற்கு நீர் கெட்டிருப்பது காரணமன்று. பல வினைகள் பலவேறு வேகத்தில் நிகழ, அவற்றுள் எதற்கும் முழுமையாக உரியதல்லாத ஒரு கலப்பு அழுத்தத்தையே பிளாட்டினம் ஏற்றுக்கொள்கிறது. நலமுள்ள இரண்டு தொட்டிகள் 60 மில்லிவோல்ட்டு வேறுபட்டு நிற்பதால் ஒன்று மற்றதனினும் சிறந்தது எனல் பொருந்தாது.

மேலும், 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். ஓர் அலகு மாறினால் ரெடாக்ஸ் அழுத்தம் கொள்கையளவில் 59 மில்லிவோல்ட்டு மாறும். பாசிகள் பகலில் கரியமில வாயுவை உட்கொள்வதால் தொட்டியின் பி.எச். ஏறி, இரவில் இறங்குகிறது. இந்த ஏற்றத்தாழ்வு 0.3 அலகாயின், நீரின் தூய்மையில் யாதொரு மாறுதலும் இன்றியே எண் 18 மில்லிவோல்ட்டு வரை அசையக்கூடும். தொட்டிக்குள் கையை விட்டாலும், மீன்களுக்கு உணவிட்டாலும் எண் இறங்குவதுண்டு. புதிய மின்வாய் நிலைகொள்ளச் சில மணி நேரம் பிடிக்கும். பழையதன்மீது நுண்ணுயிர்ப் படலம் படர்ந்துவிடும்.

இனி, பவழம் எதனால் மடிகிறது என்பதைக் கருதுக. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் பவழங்கள் பரவலாக வெளிறின. கடல்நீரின் வெப்பம் அவற்றின் தாங்கு எல்லையைக் கடந்ததே காரணம். பவழத்தினுள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள் வெளியேறிவிட்டன. தொட்டிப் பவழங்களுக்கும் முதற் பகை வெப்பமே. அடுத்தவை உப்பின் செறிவு மாறுதலும், எலும்புக்கூட்டைக் கட்டத் தேவையான கால்சியமும் காரத்தன்மையும் குறைதலும் ஆம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தொட்டியில் அது 300 ஆகக் குறைந்தாலும் ரெடாக்ஸ் அழுத்தமானி வாளாவிருக்கும். பாஸ்பேட்டுப் பெருகினும், அம்மோனியா சிறிது தோன்றினும் அவ்வாறே. நல்ல வெப்பமானியும், உப்புச் செறிவை அளக்கும் கருவியும், காரத்தன்மைக்கான எளிய டைட்ரேஷன் பொருள்களும் இல்லாத தொட்டிக்கு இக்கருவியை முதலில் வாங்குவது முறையன்று.

இக்கருவியை ஆதரிப்போர் கூற்றிலும் உண்மை இல்லாமலில்லை. தனி எண்ணுக்குப் பொருள் குறைவாயினும், ஒரே தொட்டியில் ஒரே மின்வாயைக் கொண்டு நாள்தோறும் குறித்துவரும் கோடு பயன் தருமென்பர். பாறைக்குப் பின்னால் பெரிய மீனொன்று இறந்து அழுகினாலோ, இரவில் நீரிறைக்கும் பம்பு நின்றுவிட்டாலோ கோடு சடுதியில் வீழும். காவலர் உறங்கும் நேரத்தில் மணியடிக்கும் கருவிக்கு மதிப்புண்டு. எனினும், வீழ்ந்ததன் காரணத்தை அக்கோடு கூறாது. தேடிக் கண்டறிவது வளர்ப்பவரின் கண்ணும் மூக்குமே.

ஓஸோனைப் பற்றிய நிலைமை முற்றிலும் வேறு. பெரிய காட்சித் தொட்டிகளில் நீரின் மஞ்சள் நிறத்தைப் போக்கவும் நோய்க்கிருமிகளைக் குறைக்கவும் ஓஸோன் செலுத்தப்படுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு உள்ளது. ஓஸோன் அதனை ஹைப்போபுரோமஸ் அமிலமாகவும், பின்னர்ப் புரோமேட்டாகவும் மாற்றுகிறது. ஓஸோன் விரைவில் மறைந்துவிடும்; புரோமின் சேர்மங்களோ நீரில் எஞ்சி நின்று மீனின் செவுள்களையும் பவழத்தையும் அரிக்கும். நீச்சற் குளங்களில் கிருமிகளைக் கொல்வதற்கு 650 முதல் 750 மில்லிவோல்ட்டு வரை வேண்டுமென விதித்திருப்பதை நினைத்தால், உயிர்கள் வாழும் தொட்டியில் அந்நிலை நெருங்கவே கூடாதென்பது புலனாகும். ஆகவே, 400 போன்றதோர் எல்லையில் ஓஸோனைத் தானே நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். இங்குதான் மிகுந்த கவனம் தேவை. அழுக்குப் படிந்த மின்வாய் எண்ணைக் குறைத்துக் காட்டினால், கட்டுப்பாட்டுக் கருவி ஓஸோனை மேலும் மேலும் செலுத்திக்கொண்டே இருக்கும். காவலாக வைத்த கருவியே கேடு விளைவிக்கும். மின்வாயைக் கிழமைக்கொருமுறை துடைத்துச் சோதிக்க ஆளில்லாத இடத்தில் ஓஸோனே வேண்டுவதில்லை.

இந்நாட்டில் பவழத் தொட்டி யாரும் நினைத்தபடி அமைக்கத்தக்கதன்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறையமைக்கும் பவழங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டன. இராமேசுவரக் கரையிலிருந்து ஒரு துண்டுப் பவழத்தை எடுத்துவருவதும் குற்றமாகும். பள்ளியின் காட்சிக்கெனினும் அதற்கு விலக்கில்லை. எனவே பள்ளி ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் பவழத் தொட்டி பெரும்பாலும் பார்க்கும் பொருளே. ஆனால் ரெடாக்ஸ் அழுத்தமானி அவர்கள் கைக்கு வருகிறது. நீர்ச் சோதனைப் பெட்டியோடு சேர்த்தே சில இடங்களில் வழங்கப்படுகிறது. அதனை எங்கே பயன்படுத்துவது?

கடலினின்றும் தொலைவிலுள்ள சித்தூர் மாவட்டத்துக் காணிப்பாக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள வரசித்தி விநாயகரின் திருவுருவம் கிணற்றினுள் அமைந்தது. சுற்றிலும் நீர் நிற்க, அந்நீரே தீர்த்தமாக வழங்கப்படுகிறது. கோயிற் கிணற்றில் கருவியை இடவேண்டுவதில்லை. அதனைக் காணும் மாணவனுக்கு நிலத்தடி நீரைப் பற்றி இயல்பாகவே எழும் கேள்விகளை அவ்வூர்ப் புறத்து வயற்கிணறுகளில் ஆராயலாம். ஆங்கும் எச்சரிக்கை வேண்டும். 1984-இல் லிண்ட்பர்க், ரன்னெல்ஸ் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 600க்கு மேற்பட்ட நிலத்தடி நீர்ச் சோதனைகளை ஒப்பிட்டு, மின்வாய் காட்டிய எண்ணும் நீரிலுள்ள பொருள்களைக் கொண்டு கணக்கிட்ட எண்களும் பெரும்பாலும் ஒத்துவரவில்லை எனக் காட்டினர். பவழத் தொட்டியில் கண்ட அதே குறைபாடு இது. எனினும், இறைத்தபோது தெளிவாயிருந்து சற்று நேரத்தில் பழுப்பேறும் இரும்பு நீரில் அழுத்தம் தாழ்ந்திருந்து பின் உயர்வதை மாணவர் கண்ணாரக் காணலாம்.

கருவி தன் முழுத் தகுதியைக் காட்டுமிடம் சேறாகும். நெல்லூர்ப் பக்கத்து இறால் குளங்களில் அடிச்சேறு கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசுமுன், அதனுள் அழுத்தம் சுழிக்குக் கீழே இறங்கிவிடும். கந்தக ஹைட்ரஜனைப் பிளாட்டினம் நன்கு உணருமாதலால் அவ்வெண் நம்பத்தக்கது. வகுப்பிலோ, ஏரிச் சேற்றுடன் சிறிது ஜிப்சமும் கிழிந்த தாள்களும் கலந்து உயர்ந்த கண்ணாடிச் சாடியில் நிரப்பி, மேலே நீரூற்றி வெயில்படும் சன்னலருகே சில வாரம் வைத்தல் வேண்டும். ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி வகுத்த முறை அது. மேல்நீரில் அழுத்தம் உயர்ந்தும், கறுத்த அடுக்கில் எதிர்க்குறியுடனும் இருக்கும்.

சேற்றில் இட்ட மின்வாய் நிலைகொள்ளப் பத்து நிமிஷமேனும் விடவேண்டும். எண்ணைக் குறிக்கும்போது ஒப்பு மின்வாயின் வகையையும், பி.எச்., வெப்பம் ஆகியவற்றையும் உடன் குறித்தல் வேண்டும். மாதமொருமுறை ஸோபெல் கரைசலில் சோதித்தால், வெள்ளிக் குளோரைடு மின்வாயோடு 25 டிகிரியில் சுமார் 230 மில்லிவோல்ட்டு வரவேண்டும். 10க்கு மேல் வேறுபட்டால் பிளாட்டின முனையை மெல்லத் துலக்கி மீண்டும் சோதிக்க வேண்டும்.