அசதி பொய்யல்ல

சின்ன காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் வேலையை விட்டு உட்கார்ந்துவிட்ட ஆளைப் பார்த்தால் எரிச்சல் வரும். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் நாடா கொடுக்க வேண்டும். ஒருவர் தளர்ந்தால் மற்றவர் கூலியும் நிற்கும். அப்படி ஒரு வீட்டுப் பெண்ணுக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) என்றால், கால் மரத்துப்போவதை நம்புகிறவர்கள்கூட அவள் அசதியை நம்புவதில்லை. "ஹிப்னோதெரபியில் குறையுதாமே, அப்ப மனசுக் கோளாறுதானே?" என்கிறார்கள். தவறான வாதம் இது.

1845-ல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், ஹிப்னோதெரபிக்கு முன்னோடியான மெஸ்மெரிச மயக்கத்தில் ஆழ்த்தி நோயாளிகளின் பெரிய கட்டிகளை அறுத்து எடுத்தார். குளோரோஃபார்ம் வராத காலம். பலருக்கு வலி தெரியவில்லை என்று எழுதி வைத்தார். வலி தெரியாததால் கட்டியும் கத்தியும் கற்பனை என்று ஆகிவிடுமா? நோவை மூளை உணரும் விதம் மாறலாம். நோய் இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.

"அசதி யாருக்குத்தான் இல்லை?" என்பது அடுத்த பேச்சு. எம்.எஸ்.-ல் உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை அரிக்கிறது. உறை போன நரம்பில் சேதி தடுமாறும். உடம்பில் சூடு ஏறினால் இன்னும் மோசமாகும். சித்திரை மாதம் குழித்தறியில் உட்காருகிறவளை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் ஓடிய கை வெயில் ஏறியதும் ஓடாது, மிதியை அழுத்தக் கால் வராது, அறுந்த இழையை முடியப் போனால் கண் மங்கும். நோயாளிகளில் முக்கால்வாசிப் பேருக்கு அசதி உண்டு. இதைச் சோம்பல் என்பது அநியாயம்.

"ஆழ்மனசுக்கு உத்தரவு போட்டால் அசதி ஓடிவிடும்" என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஹிப்னோதெரபியில் நடப்பது வசியம் இல்லை. கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, தாடையையும் தோளையும் தளர்த்தி, சிகிச்சையாளர் சொல்லும் குளிர்ச்சியான இடத்தை மனத்தில் கொண்டுவருவது. பிறகு அதை வீட்டில் தானே செய்யப் பழகுவது. நினைவு தப்பாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2009-ல் 22 எம்.எஸ். நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், தசைத் தளர்வுப் பயிற்சியைவிட இது வலியைக் கூடுதலாகக் குறைத்தது. வலியை, அசதியை அல்ல. அசதிக்கு இருக்கும் ஆதாரம் இதைவிடவும் குறைவு. துணையாகலாம் என்ற அளவுக்குத்தான் பேச முடியும்.

அதற்காக, மாத்திரை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 2021-ல் வெளியான 141 பேர் மீதான ஆய்வில் அமன்டடின், மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் மூன்றுமே அசதியைக் குறைப்பதில் மருந்தில்லா மாத்திரையை மிஞ்சவில்லை.

"செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை" என்பதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. இதை நம்பி எம்.எஸ். மருந்தை நிறுத்தினால் நோய் மறுபடி தாக்கலாம். அந்தச் சேதம் முழுதாகச் சரியாகாமலும் போகலாம். ரத்தசோகை, தைராய்டு, தூக்கக் கோளாறு, மன அழுத்தம் இவையும் அசதி தரும். முதலில் நரம்பியல் மருத்துவர், பரிசோதனை. அதன் பிறகு, மருந்தோடு சேர்த்து, முறையான பயிற்சி பெற்றவரிடம் ஹிப்னோதெரபி.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்.எஸ்.-ஐ மாற்றுத்திறன்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது, மாற்றுத்திறனாளி சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டார் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அவள் தறி நேரத்தை வெயிலுக்கு முன்னால் மாற்றிக் கொடுங்கள், நடுவில் படுத்தால் எழுப்பாதீர்கள்.