நாய்க்கு எதுக்குங்க ட்ரெக்கிங்?

மூணு நாள் லீவு சேர்ந்தாப்புல வந்தா போதும். ஒரு கூடாரம், நாலு நூடுல்ஸ் பாக்கெட், ரெண்டு டார்ச், கூடவே வீட்டு நாய். கொடைக்கானல் பக்கமோ வால்பாறைப் பக்கமோ ஏறிப் போய், பாறை மேல நாயை உட்கார வச்சு ஒரு போட்டோ. பின்னாடி மேகம். பார்க்கிற எல்லாரும் "சோ ஸ்வீட்!"

சரி, அந்தப் படத்துல சந்தோஷமா இருக்கிறது யாரு? போட்டோ எடுத்தவர். நாயைக் கேட்டாரா? காட்டைக் கேட்டாரா?

2003ல வந்த ஹட்ச் விளம்பரம் ஞாபகம் இருக்கும். ஒரு சின்னப் பையன், அவன் எங்க போனாலும் பின்னாடியே ஓடுற பக் நாய். அதுக்கப்புறம் ஊரெல்லாம் பக் வாங்க அலைஞ்சாங்க. நாய்னா நாம போற இடத்துக்கெல்லாம் வரணும்ங்கிற நினைப்பு பலர் மனசுல அப்பவே ஒட்டிக்கிச்சு. ஆனா பக் சப்பை மூக்கு ஜாதி. சும்மா இருக்கும்போதே மூச்சு விட சிரமப்படும். அதை மலையேறச் சொல்றது பாசமா, கொடுமையா?

காமர்ஸ் படிச்சவங்களுக்கு இரட்டைப் பதிவு முறை தெரியும். பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. ஒருத்தர் ஏதாவது வாங்கினா, எங்கேயோ ஒருத்தர் அதைக் கொடுத்திருக்கணும். இந்தக் கேம்பிங் சந்தோஷத்துக்கும் அப்படி ஒரு பேரேடு எழுதிப் பார்த்தா, கொடுத்தது யாருன்னு தெரிஞ்சிடும்.

முதல் கணக்கு, நாய். மனுஷன் மாதிரி நாய்க்கு உடம்பு முழுக்க வேர்க்காது. பாதத்துல கொஞ்சம் வேர்க்கும், மத்தபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைச்சுத்தான் சூட்டைத் தணிச்சுக்கணும். அதோட சாதாரண உடம்புச் சூடே 38, 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டிட்டா உயிருக்கே ஆபத்து. வெயில்ல காய்ஞ்ச பாறையில ஷூ போட்டவர் நடக்கிறார், வெறுங்கால்ல நாய் நடக்குது. "வேண்டாம் சார், திரும்பிடலாம்"னு அதால சொல்ல முடியாது. எஜமானர் நடக்கிற வரைக்கும் அதுவும் நடக்கும், சுருண்டு விழுற வரைக்கும். அட்டை, உண்ணி எல்லாம் தனி. உண்ணிக் காய்ச்சல் வந்த நாயைத் தூக்கிட்டு டாக்டர் வீட்டுக்கு அலைஞ்சவங்களுக்கு அது என்ன பாடுன்னு தெரியும்.

ரெண்டாவது கணக்கு, காடு. இதுதான் பெரிய தொகை. 1994ல தான்சானியாவோட செரங்கெட்டியில கெனைன் டிஸ்டெம்பர் வைரஸ் பரவி, மூணுல ஒரு பங்கு சிங்கம் செத்துப் போச்சு. ஏறத்தாழ ஆயிரம் சிங்கம். அந்த வைரஸ் வந்த வழி, சுத்தி இருந்த ஊர்களோட வளர்ப்பு நாய்கள். நம்ம நாட்டு கிர் காட்டுலயும் 2018ல சில வாரத்துக்குள்ள 23 சிங்கங்கள் செத்தப்போ, பரிசோதனையில அதே வைரஸ் சிக்குச்சு. எத்தியோப்பியாவுல ஓநாய்களை வெறிநோய் திரும்பத் திரும்ப வாரிட்டுப் போகுது. அங்கயும் நோயைக் கொண்டு வர்றது நாய்கள்தான்.

"அதெல்லாம் ஊர் நாய், இது டூர் போற நாய்"னு சொல்லலாம். வைரஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்க. சொல்லப் போனா ஊர் நாய் ஒரே ஊர்ல கிடக்கும். டூர் நாய்தான் சென்னையில ஒட்டினதை ஆனைமலையில கொண்டு போய் இறக்கும்.

நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில செந்நாய் இருக்கு. நாய்க் குடும்பம்தான், அதனால நாய்க்கு வர்ற நோய் அதுக்கும் வரும். 2015ல போட்ட மதிப்பீட்டுல, உலகம் முழுக்கச் சேர்த்தே இனப்பெருக்க வயசுல இருக்கிற செந்நாய்கள் 949ல இருந்து 2,215 வரைக்கும்தான். அதுக்குத் தடுப்பூசி போட யாரும் கேரியர்ல ஐஸ் பெட்டியோட காட்டுக்குள்ள சுத்தல.

மூணாவது கணக்கு, கூட வர்றவங்க. அமெரிக்காவோட யெல்லோஸ்டோன்ல 1981 ஜூலையில ஒரு நாய் வண்டியில இருந்து தப்பி ஓடி, கொதிக்கிற வெந்நீர் ஊற்றுல குதிச்சிடுச்சு. தண்ணியோட சூடு 94 டிகிரி. அதைக் காப்பாத்தப் பாய்ஞ்சது 24 வயசு இளைஞர். நாய் அவரோடது கூட இல்ல, நண்பரோடது. நாயும் பிழைக்கல, மறுநாள் அவரும் இறந்துட்டார். அங்க நடைபாதைகள்ல நாய்க்கு அனுமதியே கிடையாது. ரோட்டுல இருந்து 100 அடிக்குள்ள, அதுவும் 6 அடிக் கயிற்றுல. நம்ம ஊர்ல வெந்நீர் ஊற்று வேண்டாம், கரடியும் சிறுத்தையும் போதும். மகாராஷ்டிரத்துல அகோலே பகுதியில சிறுத்தை எதைத் தின்னு வாழுதுன்னு ஆராய்ஞ்சப்போ முதலிடத்துல வந்தது நாய். ராத்திரி கூடாரத்து வாசல்ல நாயைக் கட்டி வைக்கிறது, சிறுத்தைக்கு இலை போட்டு வைக்கிற மாதிரி. பயந்த நாய் எங்க ஓடும்? நேரா எஜமானர் கிட்டதான். பின்னாடி வர்றதையும் கூட்டிட்டு வரும்.

இனி வழக்கமான மூணு சமாதானம்.

"கயிறு கட்டித்தானே கூட்டிட்டுப் போறோம்?" ஆஸ்திரேலியாவுல சிட்னி பக்கத்துக் காட்டுப் பாதைகள்ல செஞ்ச ஆய்வு 2007ல வெளிவந்துச்சு. கயிற்றுல கட்டி நடத்தின நாய்களே போதும், பறவை இனங்கள் 35 சதவீதமும் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைஞ்சது. கயிறு நாயைத்தான் கட்டும், வாசனையைக் கட்டாது.

"தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு." நல்லது. ஆனா எல்லா நோய்க்கும் ஊசி இல்ல. உண்ணிக்கு ஊசிக் கணக்கு தெரியாது. குரைக்கிறதுக்கும் துரத்துறதுக்கும் ஊசியே கண்டுபிடிக்கல.

"நம்ம முன்னோர்கள் நாயோட காட்டுக்குப் போகலையா?" போனாங்க. எதுக்குப் போனாங்க? வேட்டைக்கு! ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் அந்த வேலைக்குப் பேர் வாங்கின நாய்கள். காட்டுக்குள்ள விட்டா துரத்துறதுதான் நாயோட குணம்னு இந்தச் சமாதானமே ஒத்துக்குது. 1972ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைங்கிற சொல்லுக்கு இப்ப இருக்கிற விளக்கப்படி, கொன்னாத்தான் வேட்டைன்னு இல்ல. நாயை ஏவித் துரத்துறதும் வேட்டைதான்.

மலை கிராமத்துக்காரங்க நாய் வளர்க்கிறாங்களேன்னு ஒரு கேள்வியும் வரும். ஆட்டுக்கும் வீட்டுக்கும் அவங்களுக்குக் காவல் வேணும், அங்கேயே வாழ்றாங்க. ரெண்டு நாள் தங்கிப் போறவருக்கு வேண்டியது போட்டோ மட்டும்தான். தேவையும் ஆசையும் ஒரே தலைப்புல எழுதுற செலவு இல்ல.

அப்ப நாயை வெளியவே கூட்டிட்டுப் போகக் கூடாதா? தாராளமா போகலாம். விடியற்காலை கடற்கரை, சொந்தக்காரங்க தென்னந்தோப்பு, அறுவடை முடிஞ்ச வயல். தரையில புறங்கையை அஞ்சாறு செகண்ட் வைக்க முடிஞ்சா நாயும் நடக்கலாம். நாய்க்கு வேண்டியது மலை உச்சி காட்சி இல்ல. மோந்து பார்க்கப் புது மண்ணு, ஓட இடம், கூட எஜமானர். இது மூணும் காட்டுக்கு வெளியவே கிடைக்கும்.

மலைக்குப் போற அந்த மூணு நாள், பக்கத்து வீட்டுலயோ பாட்டி வீட்டுலயோ அது கொஞ்சம் முகத்தைத் தொங்கப் போட்டுட்டு வாசலைப் பார்த்துட்டு கிடக்கும். கிடக்கட்டும். திரும்பி வந்ததும் வாலை ஆட்டிட்டு மேல பாயும். பாய்றதுக்கு அது உயிரோட இருக்கும். காட்டுல செந்நாய்க் குட்டிகளும் இருக்கும்.